மங்குஸ்தீனும் கச்சான் காற்றும்

வவுணதீவு,
மட்டக்களப்பு.
ஆனி மாதம்.

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மருமகனும் அனுப்பிய பணம் வங்கிக்கு வந்து சேர்ந்துவிட்டது. இன்னும் நான்கு வருடத்தில் தோஹாவை விட்டு ஊருக்கு வந்துவிடுவோம், அதற்குள் நமது ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காணி வருமானம் தருகிற பழத்தோட்டமாகிவிட வேண்டும் என்று நீ சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் மருமகன் அனுப்பிய பட்டியல் றம்புட்டான், மங்குஸ்தீன், டூரியன் என்று தொடங்கி டிராகன் பழத்தில் முடிந்ததைக் கண்டபோது, தொலைபேசியில் பேசித் தீர்க்கிற விடயமல்ல இது என்று தோன்றிற்று. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மருமகன் சந்தை விலையைப் பார்த்து மரத்தைத் தெரிவு செய்திருக்கிறார். அதில் குற்றமில்லை, வெளியூரில் இருப்பவருக்குக் கண்ணில் படுவது விலைதான். றம்புட்டானுக்கு மல்வானையும் மங்குஸ்தீனுக்குக் களுத்துறையும் பேர்போனவை என்றால், நாட்டின் மேற்கே இருக்கிற அந்த ஊர்களில் ஆண்டு முழுவதும் இடைவிட்டு இடைவிட்டு மழை விழுகிறது, காற்றிலும் ஈரம் இருக்கிறது. நமக்கோ ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு வைகாசியில் கச்சான் காற்று எழும்பினால், ஆடி கழியும் வரை இலையிலும் மண்ணிலும் உள்ள ஈரத்தை அது விட்டுவைக்காது. கச்சான் என்கிற இந்தத் தென்மேல் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே இறக்கிவிட்டு, மலையைக் கடந்து கீழே இறங்கும்போது சூடேறி, வெறும் வெக்கையாக நம்மிடம் வருகிறது. இதை எழுதும் இந்நேரமும் யன்னல் கதவு அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே எந்தக் கன்றை வாங்கும்போதும் நான் கேட்பது மூன்று கேள்விகள்: மார்கழியில் வேரடியில் தண்ணீர் நின்றால் பிழைக்குமா, ஆனியில் கச்சான் அடித்தால் தாங்குமா, பழுக்கிற வாரத்தில் அதை வாங்க யார் வருவார்?

இந்த மூன்றுக்கும் நம் காணியில் நல்ல விடை சொல்லக்கூடிய மரம் மா. முதல் இரண்டுக்கும் அது சிரமமின்றி நிற்கும். மாரிக்குப் பின் வருகிற வறண்ட நாட்களில் பூத்து, வைகாசி, ஆனியில் முற்றும். சிக்கல் மூன்றாவது கேள்வியில்தான். எல்லார் வளவிலும் அதே வாரங்களில் மா முற்றுவதால், வியாபாரி பூவிலேயே வந்து மரத்தை மொத்தமாக விலை பேசி, பிஞ்சு முற்றுமுன்னே உலுப்பிக்கொண்டு போய்விடுகிறான். கல்சியம் காபைட்டில் பழுக்க வைப்பது சட்டப்படி தடை என்றாலும், முற்றாத காய்க்கு வேறு வழி அவனுக்கு இல்லை. இனி மரத்தை யாருக்கும் மொத்தமாகக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். முற்றிய காயைச் சிறு காம்போடு கொய்து, பால் வடியும்படி கவிழ்த்து வைத்து, வைக்கோலில் பழுக்க வைத்து நாமே விற்றால், எண்ணிக்கை குறைந்தாலும் பேர் நிற்கும். அரை ஏக்கரில் 8 மீற்றர் இடைவெளிக்குச் சுமார் 30 மரம் பிடிக்கும். அதில் பாதி கறுத்தக்கொழும்பான். அதன் சுவைக்கு ஈடில்லை, ஆனால் ஒரு வருடம் அள்ளித் தந்தால் மறு வருடம் கையை விரித்துவிடும். மற்றப் பாதி விலாட். பழம் சிறியது என்றாலும் ஆண்டுதோறும் ஒழுங்காகக் காய்க்கும்.

ஒட்டுக் கன்று மூன்று, நான்கு வருடத்தில் காய்க்கத் தொடங்கும் என்பதால் நீங்கள் வரும் காலத்துக்குக் கணக்குச் சரி. ஆனால் ஒட்டைக் கவனிக்க வேண்டும். கிணற்றடி மா உனக்கு நினைவிருக்கும். அதுவும் ஒட்டுக் கன்றாகத்தான் வந்தது. ஒட்டுக்குக் கீழே தளிர்த்த கொப்பை உன் அப்பாவும் நானும் ஒடிக்காமல், எவ்வளவு செழிப்பாக வளர்கிறது என்று பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தோம். மேலே இருந்த ஒட்டு மெல்லப் பட்டுப்போனது. ஆறாம் வருடம் காய்த்தபோது வந்தது நார் மாங்காய். இன்றுவரை ஊறுகாய்க்குத்தான் உதவுகிறது. இம்முறை ஒட்டுக்குக் கீழே ஒரு தளிரையும் விடப்போவதில்லை. கன்று இடுப்பளவு வந்ததும் நுனியைக் கிள்ளி, மூன்று நான்கு கிளைகளாகப் பிரித்து, மரத்தைத் தாழ்வாகவே வைத்திருப்பேன். 1978 நவம்பர் 23 ஆம் திகதி சூறாவளி அடித்த மறுநாள், உன் அம்மப்பாவின் தென்னந்தோப்பு முழுவதும் தலைகீழாகக் கிடந்ததைச் சிறு பிள்ளையாக நின்று பார்த்தவள் நான். உயரமான மரத்தின்மேல் எனக்கு நம்பிக்கை குறைவு.

மா காய்க்கும் வரை வீட்டுக்குக் காசு வேண்டும். அதற்குப் பப்பாசி. நட்ட எட்டு, ஒன்பது மாதத்தில் அறுவடை தொடங்கிவிடும். பாசிக்குடாக் கடற்கரை விடுதிகளுக்குச் சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை ஆட்கள் வருகிறார்கள். காலைச் சாப்பாட்டுக்கு அவர்களுக்குப் பப்பாசி ஒவ்வொரு நாளும் வேண்டும். ஆனால் இந்தப் பயிரில் நான் ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டேன். மழை இருக்கும்போது நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம் என்று எண்ணி, ஐப்பசியில் 200 கன்றைச் சமதரையில் நட்டேன். கார்த்திகைக் கடைசியில் மூன்று நாள் விடாமல் பெய்து, காணியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பப்பாசியின் வேர் இரண்டு நாள் நீர் தேங்கினாலே அழுகத் தொடங்கிவிடும். தண்ணீர் வடிந்தபின் கன்றுகள் நிமிர்ந்துதான் நின்றன. ஒரு வாரத்தில் இலை மஞ்சளாகித் தலை சாய்ந்தன. அந்த 200 இல் மிஞ்சியவை 11; அவையும் மண் சற்று மேடாக இருந்த வேலியோரத்தில் நின்றவை. அந்த வேலியோரத்தைப் பார்த்துத்தான் நான் பாடம் படித்தேன். இப்போது முழங்கால் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, நடுவே வடிகால் வெட்டி, வெள்ளம் கழிந்த தை மாதத்தில் நடப்போகிறேன். கச்சான் எழும்புமுன் வேர் பிடித்துவிடும்.

நான் நடப்போகிற ரெட் லேடி இனப் பப்பாசியின் விதை விலை கூடியதுதான், ஆனாலும் பழத்திலிருந்து எடுத்த விதையை நம்பி நட முடியாது; கலப்பினம் ஆகையால் தாயைப் போல வராது. ஒரு குழிக்கு மூன்று நாற்று வைத்து, பூ வந்தபின் நீண்ட பழம் தரும் இருபால் மரத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டிவிடுவது வழக்கம். வெட்ட மனம் வராது, ஆனாலும் வெட்டத்தான் வேண்டும். இடையில் வெறுமையாகக் கிடக்கும் நிலத்தில் பூசணியோ வத்தகையோ போடலாமே என்று நீ கேட்பாய். போடக்கூடாது. அழுக்கணவன் பூச்சி பரப்புகிற வளையப்புள்ளி வைரசு அந்தக் கொடிகளிலும் குடியிருக்கும். அது வந்துவிட்டால் மருந்தில்லை, மரத்தைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர. அதற்குப் பதிலாக மாங்கன்றுகளின் இடையே கச்சான் போடுவேன். காற்றுக்கும் கடலைக்கும் நம்மவர் ஒரே பெயரை ஏன் வைத்தார்களோ தெரியவில்லை; ஒன்று எடுப்பதை மற்றது கொடுக்கட்டும்.

கொய்யா கிணற்றை ஒட்டிய கால் ஏக்கரில் 50 மரம் போதும். ஹொரனைச் சிவப்பு என்ற இனத்தின் பதிக்கன்று கிடைத்தால் நல்லது. கொய்யா புதுத் துளிரில் பூப்பதால், வரிசை வரிசையாக வெவ்வேறு மாதங்களில் கொப்பு வெட்டி நீர் பாய்ச்சினால் எல்லாம் ஒரே நேரத்தில் பழுத்துக் கொட்டாமல் கிழமைக்கிழமை கைக்கு வரும். பழ ஈக்காகப் பிஞ்சிலேயே பை கட்ட வேண்டும். அந்த வேலையை மாலையில் நானும் உன் சின்னம்மாவும் கதைத்துக்கொண்டே செய்துவிடுவோம். மேற்கு எல்லை முழுவதும் தேசி, அதாவது எலுமிச்சை. யானை வருகிற பக்கம் அது. வாழை வைத்தால் விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும். தேசியையும் தோடையையும் யானை விரும்பித் தின்பதில்லை. காயும் பறித்த அன்றே விற்றாக வேண்டிய அவசரம் இல்லாதது. டிராகன் பழத்துக்கு நம் வெயில் ஒத்துவரும்தான். ஆனால் ஒவ்வொரு கொடிக்கும் கொங்கிறீற்றுத் தூண் நட வேண்டும். முதல் செலவை அங்கே புதைக்க எனக்கு விருப்பமில்லை. மற்றவை காய்த்துக் காசு வந்தபின் பார்ப்போம்.

தண்ணீரைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். பெரும்போக நெல் அறுவடைக்குப் பின், வாவிக்கு மேற்கே உள்ள நம் படுவான்கரையில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. கச்சானுக்கு முன்பே ஒவ்வொரு மரத்தடியிலும் தடிப்பாகப் பரப்பிவிடலாம். கறையான் ஏறாதபடி தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. மாங்கன்றுகளுக்கு அருகே மண்முட்டி புதைத்து நீர் நிரப்பி மூடினால், கசிந்து கசிந்து வேருக்குப் போகும். நான்கு நாளைக்கு ஒரு முறை நிரப்பினால் போதும்.

நீ கவலைப்பட வேண்டியது வேலியைப் பற்றித்தான். அறுவடை முடிந்ததும் மாடுகளை அவிழ்த்துவிடுவார்கள்; ஒரு இரவு போதும், ஒரு வருட வளர்ச்சியைத் தின்றுவிடும். ஆகவே அனுப்பிய பணத்தில் முதல் செலவு முட்கம்பிக்கும் கட்டைக்கும்தான். தென்மேற்குப் பக்கம் சீமைக்கிளுவையை நெருக்கமாக நட்டுக் காற்றுக்கும் மறைப்புக் கட்டுவேன். குழிகளை இந்த மாதமே வெட்டி வெயிலில் ஆறவிட்டு, ஆவணியில் மேல்மண்ணும் மாட்டெருவும் போட்டு நிரப்பி, புரட்டாதிக் கடைசியில் ஒட்டுக் கன்றுகளை எடுத்து வருவேன். அதற்கு முன், காணியின் அளவு வரைபடத்தை உன் அலுமாரியில் எங்கே வைத்தாய் என்று எழுது.

மருமகனிடம் நான் கோபிக்கவில்லை என்று சொல். அவருடைய ஆசைக்கு ஒரேயொரு மங்குஸ்தீன் கன்றைக் கிணற்றடி மாவின் நிழலில் வைக்கிறேன். அது காய்க்கவே ஏழெட்டு வருடமாவது எடுக்கும். வந்தபின் கச்சானில் அதற்குத் தண்ணீர் சுமப்பது அவர் பொறுப்பு.

அன்புடன்,
அம்மா