போடாத கடுதாசி

தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. மேலக்கிணற்றைத் தூர்வாரினோம், ஊற்று கண்டிருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

நீ பேசி மூன்று வாரம் ஆகிறது. கடலில் டவர் கிடைக்காது என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீ கரையில்தான் இருக்கிறாய் என்று அக்கா சொன்னாள். வேறொன்றும் சொன்னாள்.

எழிமலைக் கடற்படை அகாடமியில் நீ வெள்ளை உடுப்பில் அணிவகுத்து வந்தபோது பெரியப்பாவே நடந்து வருகிற மாதிரி இருந்தது எனக்கு. அதே தோள். அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை. இப்போது உனக்கு அவர் வயசு, இருபத்துநாலு.

பெரியப்பா இருந்த குக்ரி கப்பலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1971 டிசம்பர் 9 ராத்திரி, டையூவுக்கு அப்பால், பாகிஸ்தான் நீர்மூழ்கி ஹாங்கோர் விட்ட டார்பிடோ. சில நிமிஷத்தில் கப்பல் உள்ளே போய்விட்டது. கேப்டன் முல்லா தன் லைஃப் ஜாக்கெட்டை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு போனார். 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். நம் வீட்டுக்கு உடம்புகூட வரவில்லை. டையூ நினைவிடத்தில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிற அந்தச் சின்னக் கப்பலைப் பார்த்து, "இதில் அவன் எந்த இடத்தில் இருந்திருப்பான்?" என்று ஆச்சி கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நீ நீர்மூழ்கிப் பிரிவில் சேரப் பெயர் கொடுத்திருக்கிறாயாம். அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதானே பேசாமல் இருக்கிறாய்? எனக்குக் கோபம்தான். தண்ணீருக்கடியில் இருந்து அந்தக் கப்பலை அடித்தது எதுவோ, அதற்குள்ளேயே நீ போகணுமா? அக்காவிடம் சொல்லத் தோன்றியது, என்னிடம் தோன்றவில்லையா? நேரத்துக்குச் சாப்பிடு. வீணாகக் கண் விழிக்காதே.

இப்படிக் கேட்க எனக்கு வாய் கிடையாது தம்பி.

அந்த வருஷம் ஐப்பசியில், ஆச்சி சொல்லச் சொல்ல, நான்தான் பெரியப்பாவுக்கு இன்லண்டு லெட்டர் எழுதினேன். எனக்குப் பதினோரு வயசு. அம்பாசமுத்திரத்தில் பெண் பார்த்திருக்கிறோம், தைக்கு லீவு கேள் என்று. பள்ளிக்கூடம் போகிற வழியில் பெட்டியில் போடச் சொன்னாள். வாய்க்கால் நிறையத் தண்ணீர், குளிக்கப் போனேன், மறந்துவிட்டேன். ஒரு மாசம் கழித்துப் பூகோளப் புஸ்தகத்துக்குள் அதைப் பார்த்ததும் அடிக்குப் பயந்து மச்சில் ஒளித்தேன். தந்தி வந்த மூன்றாம் நாள் பெரியப்பாவின் கடைசிக் கடுதாசி வந்தது. "வீட்டிலிருந்து ஒரு வரிகூட இல்லையே, அம்மாவுக்கு என்மேல் கோபமா?"

தபால்காரர்தான் தொலைத்துவிட்டார் என்று ஆச்சி சாகும்வரை அவரோடு பேசவில்லை. தீபாவளிக் காசும் கொடுத்ததில்லை. அவர் நம் வீட்டு வாசலில் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு போவார். நான் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஆச்சியிடமும் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. இரண்டு பேரும் போய்விட்டார்கள். உன் அம்மாவுக்கும் இது தெரியாது.

போகாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நீர்மூழ்கிப் பயிற்சிக்கு விசாகப்பட்டினத்துக்கு என்றைக்குக் கிளம்புகிறாய் என்று எழுது. அம்மாவிடம் நீயே சொல், நான் சொன்னால் தாங்கமாட்டாள். முறுக்கு அனுப்பியிருக்கிறாள், டப்பாவைத் தொலைத்துவிடாதே. இதைத் தபாலாபீசுக்கு நானே கொண்டு போகிறேன்.

அப்பா