கேட் பாஸ்

ராயபுரம்

அன்புள்ள செல்விக்கு,

நீ எழுதி அனுப்பின சீரியல் கதையோட நாலாவது எபிசோடை ரெண்டு தடவை படிச்சேன். உங்கம்மாவும் படிச்சா. அனுப்பி 20 நாள் ஆச்சு. எப்படி இருக்குன்னு நீயும் கேக்கல, போன்ல சொல்ல எனக்கும் வரல. அதான் எழுதறேன்.

முதல்ல அந்தப் பூட்டு. 31-ஆம் பக்கத்துல உன் கதையில வர்ற ஆள் ராத்திரியில பூட்டை உடைச்சுச் சரக்கை எடுக்குறான். சரக்குக்குக் காவல் இருக்கிறவன் பூட்டை உடைக்கவே மாட்டான்மா. அவன் கையிலதான் பேப்பர் இருக்கே. கன்டெய்னர் நம்பர்னா நாலு எழுத்து, ஏழு இலக்கம். கடைசி இலக்கம் முன்னால இருக்கிற பத்தையும் வெச்சுக் கணக்குப் போட்டு வர்றது. நடுவுல ஒண்ணை மாத்தினா அந்தக் கடைசி இலக்கமே பெரும்பாலும் காட்டிக் குடுத்துடும். வேலை தெரிஞ்சவன் அதுல கை வைக்க மாட்டான். சரியான பெட்டி, சரியான சீல் நம்பர், வண்டி மட்டும் தனக்கு வேண்டியவனோடதுன்னு பெட்டி வெளிய போக முறையா ஒரு கேட் பாஸ் போடுவான். துறைமுகத்து ஜீரோ கேட்ல நிக்குறவன் பெட்டி, சீல், வண்டி மூணையும் பேப்பரோட ஒத்துப் பாத்துட்டு அனுப்பிடுவான். அவன் மேல தப்பே இல்ல. துரோகம் பாஸ் எழுதின மேசையில எப்பவோ முடிஞ்சுபோச்சு. அந்த மேசையைக் காட்டு. பூட்டை எடுத்துடு.

நாம சேர்ந்து பாத்த அந்த விண்வெளி நிலையத்து சீரியல் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ல நாலாவது சீசன், ‘ஃபார் த காஸ்’, 1996-ல வந்தது. அதை மறுபடி ஒரு தடவை போட்டுப் பாரு, கையில பேனாவோட. எடிங்டன் எதையும் உடைக்கல. அந்த நிலையத்துல பாதுகாப்பு அதிகாரியே அவன்தான். கார்டேசியாங்கிற கிரகத்துக்குப் போக வேண்டிய, பொருள் செஞ்சு குடுக்குற மெஷின் 12 ரெப்ளிகேட்டரை உத்தரவு போட்டே வேற கப்பல்ல ஏத்திடறான். அந்தச் சரக்குக்கு என்ன காவல்னு ஆரம்பத்துல எல்லாருக்கும் விளக்குறதும் அவன். சரக்குக் கப்பல் ஓட்டுற கேசிடி மேல சந்தேகம்னு, நிலையத்துப் போலீஸ் ஓடோவோட சேர்ந்து, அவளோட காதலனான தலைமை அதிகாரி சிஸ்கோகிட்ட வந்து நிக்குறதும் அவன். எல்லாம் நம்ம கண்ணு முன்னாலயேதான் நடக்குது.

இதைவிடப் பெரிய வேலை கேசிடி விஷயத்துல இருக்கு. அவ மேல விழற சந்தேகம் பொய் இல்ல. நிஜமாவே கார்டேசியாவை எதிர்த்துச் சண்டை போடற மாக்கி ஆளுங்களுக்குச் சாப்பாடும் மருந்தும் கொண்டு போறா. அது நிஜமா இருக்கிறதாலதான் சிஸ்கோ கண்ணு வேற பக்கம் திரும்பல, நம்ம கண்ணும் திரும்பல. அவளைத் துரத்திக்கிட்டு அவன் டிஃபையன்ட் கப்பல்ல கிளம்பினதும் இங்க எடிங்டன் காரியத்தை முடிச்சிடறான். உன் கதையில அந்தத் தோழி மேல வர்ற பழி வெறும் பழி. பாக்குறவன் பத்தே நிமிஷத்துல இவ இல்லன்னு சொல்லிடுவான். அவளுக்குச் சின்னதா ஒரு நிஜமான தப்பு வேணும். சின்னதா இருந்தாப் போதும்.

மத்தபடி நல்லாத்தான் எழுதியிருக்க. டைட்டில்ல உன் பேர் வரப்போகுதுன்னு பழைய ஆளுங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். பொங்கலுக்கு வந்திருந்தா நேர்லயே கேட்டிருப்பாங்க. நீ வரல. தீபாவளிக்கும் வரல.

இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை மாத்தியிருக்காங்க. ராத்திரி வெறும் பன் தின்னுட்டுப் படுக்காத.

இன்னொண்ணு, உன் ஆள் ஏன் காட்டிக் குடுக்குறான்? 38-ஆம் பக்கத்துல திடீர்னு செய்றான். எடிங்டன் ரகசியமா மாக்கி பக்கம்தான், அவன்கிட்ட ஒரு நியாயம் இருக்கு. மாக்கிகள் கேக்குறதெல்லாம் தங்களை விட்டுடச் சொல்லித்தான்னு நினைக்கிறான், அதை சிஸ்கோ முகத்துக்கு நேராவே பேசறான். உன் ஆளுக்கு அப்படி ஒண்ணும் இல்ல. பணமும் வாங்கல. காரணம் நான் சொல்றேன். அவனுக்குப் பயம். அண்ணன் என்ன சொல்வார், நாலு பேர் என்ன பேசுவாங்கன்னு பயம். தன் வாயால கண்டிக்கத் தைரியம் இல்லாம இன்னொருத்தர் காதுல போட்டுட்டான்.

செல்வி, அந்தப் பையனைப் பத்தி நீ எங்க ரெண்டு பேராண்ட மட்டும்தான் சொன்ன. உங்க பெரியப்பாவுக்குச் சொன்னது அம்மா இல்ல. நான். நீ சொன்ன அன்னிக்கு ராத்திரியே, மொட்டை மாடியில நின்னு போன்ல சொன்னேன். அம்மா உன் எதிர்ல அழுதா, கத்தினா, முடியாதுன்னா. அது நிஜம். நான் உன் தலையைத் தடவி, பாத்துக்கலாம்னு சொன்னேன். நீ அவளோட பேச்சை நிறுத்தின ரெண்டு வருஷமா நான் வாயைத் திறக்கல. அவளுக்குத் தெரியும். “உங்களோடயாவது பேசட்டும், விடுங்க”ன்னா. நானும் விட்டுட்டேன்.

படிச்சுட்டு எனக்குப் பதில் போட வேணாம். என்னோட பேசவும் வேணாம், உனக்குத் தோணுறப்போ பேசு.

கேசிடி தன் ஆளுங்களை அங்க விட்டுட்டு, ஜெயில்னு தெரிஞ்சே தனியா திரும்பி வர்ற காட்சி இருக்கே, அதுக்கு அவங்க அவசரப்படவே இல்ல. உன் கடைசிக் காட்சியை ரெண்டே வசனத்துல முடிச்சிருக்க. இன்னும் ஒரு நிமிஷம் குடு.

31-ஆம் பக்கத்துப் பூட்டை மறக்காம எடுத்துடு. அம்மா மதியம் ரெண்டு மணிக்குப் படுப்பா. போன் தலைமாட்டுலதான் இருக்கும்.

அப்பா