பொக்குக்குக் காரணம் விதை மட்டுமல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பழனி, ஒட்டன்சத்திரம் பக்கம் சூரியகாந்தியில் பொக்கு, அதாவது மணி பிடிக்காத வெற்று விதை, கூடினால் விதையையும் உரத்தையும்தான் முதலில் குறை சொல்கிறோம். அதற்கு முன் கொண்டையை, அதாவது பூத்தலையை, உடைத்துப் பாருங்கள். நடுவில் மட்டும் மணி பிடிக்காமல் இருந்தால் தண்ணீரோ போரான் சத்தோ குறைந்திருக்கலாம். வெளி வட்டங்களிலேயே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொக்கு இருந்தால், அநேகமாகத் தேனீ வரவில்லை என்று பொருள்.

கொண்டையின் பூக்கள் ஓரத்திலிருந்து உள்நோக்கி, ஒரு வாரம் பத்து நாள் வரை மலரும். ஒவ்வொரு பூவிலும் முதலில் மகரந்தம் வெளிவரும். மறுநாள்தான் அந்த மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி விரியும். மகரந்தம் பிசுபிசுப்பானது, கனமானது, காற்றில் பறக்காது. வீரிய ஒட்டு ரகங்கள் தன் மகரந்தத்தையும் ஓரளவு ஏற்கும் என்றாலும் மணி நிறையத் தேனீ வேண்டும். இன்னொரு எண்ணெய் வித்தான பேய் எள்ளுக்கு இது இன்னும் கட்டாயம், தன் மகரந்தத்தை அது ஏற்பதே இல்லை. நிலக்கடலைக்கு இந்தக் கவலை கிடையாது.

எக்டருக்கு 5 தேனீப் பெட்டி, அதாவது ஏக்கருக்கு 2 போதும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு எனக் கீழ்மலைக் காப்பித் தோட்டங்களில் அடுக்குத் தேனீ எனப்படும் இந்தியத் தேனீயின் பெட்டிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றை மலையிலிருந்து வயலுக்கு இறக்கும் நாள் முக்கியம். பத்துக் கொண்டையில் ஒன்று விரிந்த பிறகே இறக்க வேண்டும். முன்னதாக வைத்தால் தேனீ பக்கத்து முருங்கைப் பூவுக்குப் பழகிவிடும், பிறகு சூரியகாந்தியைத் திரும்பியும் பார்க்காது.

தேன் நிறைந்த அடை மலைப்பாதை வளைவுகளில் அறுந்து விழும். அதனால் முதலில் தேனை எடுத்துவிட்டு, இருட்டிய பின் வாசலில் கம்பி வலை அடித்து, அடை கட்டிய சட்டங்கள் வண்டி போகும் திசைக்கு நேராக இருக்கும்படி ஏற்றுங்கள். மலையில் வளர்ந்த இந்தத் தேனீக்குக் கீழ்நாட்டு வெயில் ஆகாது. வேம்பு, புளி நிழலில் வைக்காவிட்டால் கூட்டமே பெட்டியை விட்டு ஓடிவிடும். தாங்கியின் கால்களுக்கு எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணம், அருகில் குடிக்கக் கல் போட்ட தண்ணீர்த் தட்டு, இரண்டும் வேண்டும்.

பெட்டி கிடைக்காதவர்கள் காலை 8 மணி முதல் 11 மணிக்குள், ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து தடவை மல் துணியால் கொண்டையை மெல்ல ஒற்றி எடுக்கலாம். அல்லது இரண்டு கொண்டைகளை முகத்தோடு முகம் லேசாகத் தேய்க்கலாம். அழுத்தினால் சூல்முடி நசுங்கும். போரான் குறைவுக்குப் பூ விரியும் தருணத்தில் லிட்டருக்கு 2 கிராம் போராக்ஸ் தெளிக்கலாம். ஆனால் அது தேனீயின் வேலையைச் செய்யாது.

இத்தனையும் செய்து, பூத்த வயலில் காலையில் மருந்தடித்தால் எல்லாம் வீண். பச்சைப் புழுவுக்கு என்.பி.வி. வைரஸ் கரைசலை மாலையில் அடியுங்கள். அது அந்தப் புழுவை மட்டுமே தாக்கும், வெயிலில் வீரியம் இழக்கும் என்பதால் மாலையே அதற்கும் நல்லது. வேறு மருந்து தவிர்க்க முடியாதென்றால் அதுவும் தேனீ அடங்கிய பிறகுதான். அடுத்த வயல்காரர் அடித்தாலும் கூடு சாகும். ஆகவே அடிக்கும் நாளை முந்தைய நாளே பெட்டிக்காரரிடம் சொல்லிவிடுங்கள். வாசலுக்கு வலை போட்டு, ஈரச் சாக்கு மூடி, அந்த ஒரு பகலைக் கடத்திவிட அவருக்கு அது போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தாண்டிக்குடி, கொடைக்கானல் வட்டம்.