வெள்ளை போர்டு பஸ் போகும் தூரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் சுற்றுலாப் பக்கத்தை நான் ஒரு வாரமும் விடுவதில்லை. போன மாதம் மணாலி வந்தது, அதற்கு முந்தைய வாரம் பாலித் தீவு. படங்கள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கின்றன. படித்து முடித்ததும் கிழித்து வைத்துக்கொள்வேன். எங்கள் வீட்டு அரிசி டப்பாவுக்கு அடியில் இப்போது விரித்துக் கிடப்பது மணாலிதான்.

குறை சொல்வதற்காக எழுதவில்லை. என்னிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது, அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதோடு கடைசியில் ஒரு சின்ன வேண்டுகோள்.

நான் புதுக்கோட்டை, திருக்கோகர்ணத்தில் இருக்கிறேன். பிறந்தது கீரனூர்ப் பக்கம் ஒரு கிராமம். 1989-இல் சத்துணவு அமைப்பாளராக வேலைக்குச் சேர்ந்து, 60 வயது முடிந்ததும் ஓய்வு பெற்றேன். ஓய்வுக்கு மறுநாளும் பழக்கதோஷத்தில் ஐந்து மணிக்கே எழுந்துவிட்டேன். சரி, எழுந்தாயிற்று, என்ன செய்வது? நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் போக வேண்டிய ஊர்களை எழுத உட்கார்ந்தேன். முதலில் காசி என்று எழுதினேன். எங்க வீட்டுக்காரரின் முழங்காலை நினைத்து அடித்துவிட்டேன். அப்புறம் பேனா நகரவில்லை.

அன்று சாயங்காலம் பேத்தி பாடப்புத்தகத்தோடு வந்து, "அப்பத்தா, சித்தன்னவாசல் நம்ம ஊர்தானே, நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டாள். பார்த்திருக்கேனே என்றேன். "மேலே என்ன வரைஞ்சிருக்கு?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

நான் போனது நிஜம். பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனபோது உடன் போனேன். எலுமிச்சைச் சாதத் தூக்குகளைக் குரங்கிடமிருந்து காப்பாற்றுவதும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தலை எண்ணுவதும்தான் அன்று என் வேலை. 43 பிள்ளைகள். 43 பேரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தேன். ஆனால் அந்த ஓவியம் இருப்பது கூரையில். அதை அண்ணாந்து பார்க்க வேண்டும். நான் அன்று முழுக்கக் குனிந்தே இருந்திருக்கிறேன்.

இப்படித்தான் பட்டியல் பிறந்தது. அதற்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன்: வெள்ளை போர்டு பஸ் போகும் தூரம்தான் எல்லை. 2021 மே மாதத்திலிருந்து வெள்ளை போர்டு போட்ட சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். காலையில் கட்டுச்சோற்றோடு கிளம்பி, இருட்டும் முன் வீடு திரும்பிவிட வேண்டும். எங்கள் மையத்தில் சமையலராக இருந்த அக்கா துணைக்கு வருகிறார். அவருக்கு என்னைவிட இரண்டு வயது கூட, ஆனால் ஏற்றத்தில் எனக்கு முன்னால் போய் நிற்பவர் அவர்தான்.

முதல் ஊர் சித்தன்னவாசல். புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர். அன்னவாசல் போகும் பஸ்ஸில் ஏறி வழியில் இறங்கி நடந்தோம். ஓவியம் இருக்கும் அறிவர் கோயில், பாறையைக் குடைந்து செய்த சின்னக் குடைவரைதான், நாலு எட்டு வைத்தால் முடிந்துவிடும். இந்தத் தடவை எண்ணுவதற்குப் பிள்ளைகள் இல்லை. நன்றாக அண்ணாந்து பார்த்தேன். ஒரு தாமரைக்குளம். பூவும் இலையும் மொட்டுமாக நெருக்கியடித்து நிற்க, இடையில் மீன்கள், வாத்து மாதிரிப் பறவைகள், எருமை, யானை. பூப்பறிக்க இறங்கிய ஆட்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது, நிறம் பல இடத்தில் உதிர்ந்து கிடக்கிறது. ஆனால் எருமையைப் பார்த்ததும் அக்கா, "நம்ம கண்மாய் எருமை மாதிரியே இருக்கு" என்றார். அவ்வளவுதான், எனக்கு அந்த ஓவியம் புரிந்துவிட்டது. உள்ளறைக்குள் நின்று மெல்ல முனகினால் சுவர் முழுக்க அந்த ஒலி நிறைகிறது. அக்கா நாலு தடவை முனகிப் பார்த்தார். வெளியே காத்திருந்த பையன்கள் சிரித்தார்கள்.

பிறகு ஏழடிப்பட்டம். குன்றைச் சுற்றிக்கொண்டு ஏறி மறுபக்கம் இறங்கினால் ஒரு இயற்கைக் குகை. அதில் சமண முனிவர்கள் படுத்த 17 கற்படுக்கைகள். தலை வைக்கும் பக்கம் கொஞ்சம் உயர்த்திச் செதுக்கியிருக்கிறார்கள், கல் தலையணை. ஒரு படுக்கையில் தமிழ் பிராமி என்னும் பழங்காலத் தமிழ் எழுத்து இருக்கிறது. பாறைச் சரிவில் இப்போது கம்பி வேலி போட்டிருக்கிறார்கள், அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் நடந்தேன். வேலி இல்லாத காலத்தில் அந்த முனிவர்கள் பிச்சைக்கு எப்படி இறங்கி ஏறினார்களோ.

இரண்டாவது, நார்த்தாமலை. இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. பங்குனியில் முத்துமாரியம்மனுக்கு நான் தாவணி போட்ட காலத்திலிருந்து போகிறேன். பால்குடம் எடுத்திருக்கிறேன், மகளுக்கு மொட்டை போட்டிருக்கிறேன். கோயிலுக்கு அந்தாண்டை இருக்கும் மேலமலையில் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. ஏன் என்று யோசித்தால் ஒரு காரணமும் இல்லை. எல்லாரும் கும்பிட்டுவிட்டுப் பஸ் ஏறுவார்கள், நானும் ஏறுவேன்.

மேலே விஜயாலய சோழீச்சரம். மேற்குப் பார்த்த கற்கோயில், உள்ளே கருவறை வட்டமாக இருக்கிறது. சுற்றிலும் சின்னச் சின்னக் கோயில்கள். பெயரில் சோழர் இருந்தாலும் கட்டியவர்கள் முத்தரையர் என்கிறார்கள். சாத்தன் பூதி என்பவர் கட்டியது மழையில் இடிந்துபோக, மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார் என்று அங்கே கல்வெட்டு இருக்கிறது. எங்கள் மையத்துச் சமையலறைக் கூரையும் ஒரு ஐப்பசி மழையில் விழுந்தது. யார் கட்டியது, யார் திருப்பிக் கட்டியது என்று ஒரு வரி எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை! எதிரே பாறையில் இரண்டு குடைவரைகள். ஒன்றில் ஒரே அச்சில் வார்த்ததுபோலப் பன்னிரண்டு விஷ்ணு வரிசையாக நிற்கிறார்கள். அந்த இடத்துக்குப் பெயர் சமணர் குடகு. சமணர் இருந்த இடத்தில் பெருமாள் வந்திருக்கிறார், பெயர் மட்டும் மாறாமல் நின்றுவிட்டது. வழியில் தலையருவிச் சுனை. தண்ணீருக்கு அடியில் குடைந்த கோயிலில் ஒரு லிங்கம் இருக்கிறது. சுனையை இறைத்தால்தான் தரிசனம். நாங்கள் தண்ணீரைக் கும்பிட்டுவிட்டு நடந்தோம்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஒன்பது மணிக்குள் ஏறிவிடுங்கள். பத்துக்கு மேல் பாறை தோசைக்கல். நிழலுக்கு ஒரு மரம் தேட வேண்டும்.

மூன்றாவது குடுமியான்மலை. சாமிக்கே குடுமி முளைத்த கதை எங்கள் பக்கம் குழந்தைக்கும் தெரியும். அர்ச்சகர் தன் காதலி சூடிய பூவை ராஜாவுக்குப் பிரசாதமாகக் கொடுத்துவிட, அதில் தலைமுடி இருந்தது. ராஜா கேட்டபோது, சாமிக்கே குடுமி உண்டு என்று சொல்லித் தப்பித்தார். பக்தரைக் காப்பாற்றச் சாமியும் குடுமியோடு காட்சி கொடுத்தார். நான் தேடிப்போனது அங்கே பாறையில் வெட்டியிருக்கும் இசைக் கல்வெட்டை. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, முழுக்க ஸ்வரங்கள். எனக்கு ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாது, சங்கீதமும் தெரியாது. இருந்தாலும் கட்டம் கட்டமாக அத்தனை ஸ்வரத்தையும் பாறையில் உளியால் வெட்டியவனுக்கு ஒரு தப்பு வந்திருந்தால் எதை வைத்து அழித்திருப்பான் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். எங்கள் பதிவேட்டில் தப்பு வந்தால் சிவப்பு மையில் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

இனிப் போக வேண்டியவை. அடுத்த செவ்வாய்க்கிழமை திருமயம். காரைக்குடிக்கு எத்தனை தடவை போயிருப்பேன்! கோட்டை பைரவர் கோயிலில் வண்டி நிற்கும், டிரைவர் தேங்காய் உடைப்பார், நான் ஜன்னல் வழியே கன்னத்தில் போட்டுக்கொள்வேன். கிழவன் சேதுபதி 1687-இல் கட்டிய கோட்டை அந்த ஜன்னலுக்கு வெளியேதான் நின்றது, ஒரு நாளும் இறங்கியதில்லை. மேலே பீரங்கி இருக்கிறது. பாதி வழியில் பாறையைக் குடைந்து ஒரு லிங்கமும் இருக்கிறதாம், ஏணியில் ஏறித்தான் பார்க்க முடியுமாம். அக்கா ஏறுவார். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்வேன்.

கொடும்பாளூர் மூவர் கோயில் பட்டியலில் இருக்கிறது. மூன்றில் இரண்டுதான் இப்போது நிற்கின்றன. முத்துக்குடாக் கடற்கரையும் இருக்கிறது, எங்கள் மாவட்டத்தில் கடல் இருப்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது.

ஒரே ஓர் ஊருக்கு மட்டும் விதியை மீறிக் காசு கொடுத்துப் போகலாம் என்று இருக்கிறேன். அறந்தாங்கி தாண்டி ஆவுடையார்கோயில். மாணிக்கவாசகர் தலம். மரச்சட்டம்போல மெல்லிசாகச் செதுக்கிய கல் கொடுங்கைகளை, அதாவது கூரையின் வளைந்த விளிம்புகளைப் பார்க்கத்தான் எல்லாரும் போகிறார்கள். எனக்கு வேறு காரணம். அங்கே கருவறையில் லிங்கம் கிடையாது, அதன் பீடமான ஆவுடையார் மட்டும்தான். எதிரே நந்தியும் இல்லை. புழுங்கலரிசிச் சோற்றைச் சுடச்சுடக் கல் மேடையில் கொட்டிப் பரப்புவார்கள், கூடவே கீரையும் பாகற்காயும். அந்தச் சோற்றின் ஆவிதான் சாமிக்கு நைவேத்தியம். நான் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஒரு பிள்ளைக்கு 100 கிராம் என்று அரிசி அளந்தவள். அண்டாவைத் திறந்தால் மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படியும், அதைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டேதான் வரிசையைப் பார்ப்பேன். அந்த ஆவியையே படைக்கிற கோயில் ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

பட்டியலின் கடைசி வரி சைக்கிள். வயதானவர்களுக்கு நினைவிருக்கும், 1991-92இல் ஷீலா ராணி சுங்கத் அம்மா கலெக்டராக இருந்தபோது எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கம் எங்கள் மாவட்டத்துப் பெண்களை ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏற்றியது. நானும் ஏறினேன். பகலில் வெட்கம். நிலா வெளிச்சத்தில் கண்மாய்க் கரையில் தம்பியின் பார் வைத்த சைக்கிளில் கற்றுக்கொண்டேன். முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. அப்புறம் மொபெட் வந்தது, சைக்கிள் பழைய இரும்புக்குப் போனது. ஒரே ஒரு தடவை சித்தன்னவாசலுக்குச் சைக்கிளில் போய்வர வேண்டும். இதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் அச்சில் வந்தால் தெரிந்துவிடும், தெரியட்டும்.

இப்போது வேண்டுகோள். இந்த ஊர்களுக்கெல்லாம் போகும் நேரம் ஒரு கண்டக்டரைக் கேட்டால் தெரிகிறது, திரும்பும் நேரம் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஒரு நாள் கடைசி பஸ் போய்விட்டது என்று நினைத்து மெயின் ரோடு வரை நடந்தோம், பாதி வழியில் அதே பஸ் எங்களைத் தாண்டிப் போனது. உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் மாதம் ஒரு முறையாவது உள்ளூருக்கு அரைப்பக்கம் ஒதுக்குங்கள். இடத்தின் பெருமையை நாலு வரியில் முடித்துவிட்டு, எத்தனை மணிக்கு எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும், எவ்வளவு நடை, குடிதண்ணீர் உண்டா, கழிப்பறை திறந்திருக்கிறதா என்று எழுதுங்கள். நாங்கள் போன ஓரிடத்தில் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று கேட்டதற்கு, "ஆம்பளைங்க யாரும் கூட வரலையா?" என்று எங்களிடம் திருப்பிக் கேட்டார்கள். எந்த இடம் என்று எழுத மாட்டேன், அடுத்த தடவை நான் போக வேண்டியிருக்கிறது. பெண்கள் இலவசமாகப் பஸ் ஏறுவதைப் பற்றி ஊரில் பலர் பலவிதமாகப் பேசுகிறார்கள். இறங்கிய பிறகு அவர்கள் எங்கே ஒதுங்குவது என்பதைப் பற்றியும் யாராவது பேசினால் நல்லது.

அச்சிட்டால் என் பெயர் வேண்டாம், ஊர்ப்பெயர் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
திருக்கோகர்ணம், புதுக்கோட்டை.

பின்குறிப்பு: 1910-இல் தொடங்கிய எங்கள் அருங்காட்சியகம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். பிரகதாம்பாளைக் கும்பிட்டுவிட்டு அப்படியே பார்த்துவிடலாம் என்று போனேன். கதவு சாத்தியிருந்தது. வெள்ளிக்கிழமை அவர்களுக்கு விடுமுறையாம். நான் கோயிலுக்குப் போவதே வெள்ளிக்கிழமைதான். இதையும் அந்த அரைப்பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.