இது உனக்காகச் சேர்த்து வைத்தது அல்ல

அன்புள்ள கண்ணா,

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் மழுப்பிவிட்டேன். "இவ்வளவு பணம் போட்டு இத்தனூண்டு கிட்டாரா அம்மா?" என்றாய். கேள்வியில் தப்பில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார், அதனால்தான் பேச்சை மாற்றினேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, சாவகாசமாகச் சொல்கிறேன்.

நீ வேலைக்குக் கிளம்பியபோது உன் பெரிய கிட்டாரை இங்கேயே விட்டுப் போனாய். தூசி துடைக்கத்தான் எடுத்தேன். துடைக்கும்போது கம்பியில் கை பட்டது, அது முனகியது. அப்படி ஆரம்பித்த பழக்கம் நாலு வருஷம் ஓடியது, நாலாவது வருஷம் வலது தோள் பிடித்துக்கொண்டது. ட்ரெட்நாட் என்கிற அந்தப் பெரிய வடிவக் கிட்டாரின் கீழ்ப்பகுதி அகலம் 15½ அங்குலத்துக்கும் சற்று மேல், ஆழம் கிட்டத்தட்ட 5 அங்குலம். அதன்மேல் கையைச் சுற்றிப் போட்டால் என் உயரத்துக்குத் தோள் காதைத் தொடுகிறது. 1906இல் கடலில் இறக்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பேரைத்தான் அந்த வடிவத்துக்கு வைத்தார்களாம். போர்க்கப்பலை மடியில் வைத்துக்கொண்டு நாலு வருஷம் தாக்குப்பிடித்ததே பெரிது.

இப்போது என்னிடம் இருப்பது 00 அளவு. அகலம் 14 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், எடை இரண்டு கிலோகூட வராது. இதைச் சின்னது என்று நீ சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அமெரிக்காவில் கிட்டார் செய்கிற மார்ட்டின் கம்பெனி தன் அளவுகளுக்கு வைத்திருக்கும் பேரைப் பார்: 0 என்பது கான்சர்ட், 00 கிராண்ட் கான்சர்ட், 1902இல் வந்த 000 ஆடிட்டோரியம். கச்சேரிக்கும் அரங்கத்துக்கும் என்று பேர் வைத்ததைத்தான் நாம் இன்று மூலையில் உட்கார்ந்து வாசிக்கிற பொம்மை என்கிறோம். மைக் இல்லாத காலத்தில் பாஞ்சோவுக்கும் பிடிலுக்கும் நடுவே கிட்டார் காதில் விழ வேண்டியிருந்தது, அதனால் உடம்பு ஊதிக்கொண்டே போனது. மைக் வந்த பிறகும் ஊதின உடம்பு இளைக்கவில்லை! ஆனால் எல்லோரும் அந்தப் பக்கம் போய்விடவில்லை. அமெரிக்க நாட்டுப்புறப் பாடகி ஜோன் பேயஸின் கிட்டார் என்றால் முதலில் நினைவுக்கு வருவது 1929இல் செய்த 0 அளவு மார்ட்டின். அவர் பாடியது மூலையில் உட்கார்ந்து அல்ல.

சரி, பணத்துக்கு வருகிறேன். என் கிட்டாரில் முத்துச்சிப்பி வேலைப்பாடு ஒன்றும் கிடையாது. ஸ்ப்ரூஸ் மேல்பலகை, மகோகனி முதுகு, பார்ப்பதற்குப் பள்ளிக்கூடப் பெஞ்சு மாதிரி சாதுவாக இருக்கும். பணம் போனது மரத்தைச் செதுக்கி எடுத்ததில். ஆறு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுக்கின்றன, அந்த இழுப்பைத் தாங்குகிற மேல்பலகை 3 மில்லிமீட்டர்கூட இல்லை. மலிவான கிட்டார் செய்கிறவர் யார் கையில் போய் என்ன பாடு படுமோ என்று பலகையைத் தடியாகவே விட்டுவிடுவார். அது உடையாது, பேசவும் பேசாது. நல்ல கைக்காரர் பலகையைத் தட்டித் தட்டிக் கேட்டு, உள்ளே எக்ஸ் வடிவில் ஒட்டிய சட்டங்களைச் சீவிக்கொண்டே போய், இன்னும் ஒரு சீவல் சீவினால் வளைந்துவிடும் என்கிற இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துவார். நிறுத்தத் தெரிந்த அந்தக் கைக்குத்தான் நான் பணம் கொடுத்தேன்.

ஈட்டி மரத்தில் செய்ததையும் வாசித்துப் பார்த்தேன். கம்பியை விட்ட பிறகும் சத்தம் பின்னாலேயே நீளமாக இழுத்துக்கொண்டு வருகிறது, கேட்க அழகுதான். மகோகனி சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. இந்த வயதில் எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது.

நெக்கில், அதாவது கிட்டாரின் கழுத்தில், குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளான ஃப்ரெட்டுகளில் 12தான் இதில் உடம்புக்கு வெளியே இருக்கிறது. உன்னுடையதில் 14. அதில் என்ன என்று நீ கேட்பாய். நெக் குட்டையாகும்போது, மேல்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் கீழே இறங்கி, அகலமான பாகத்தின் நடுவுக்கு வந்துவிடுகிறது. பலகை தாராளமாக அசையும் இடம் அதுதான். அதனால் மெல்லத் தொட்டாலே சத்தம் எழுந்து வருகிறது. உன் கிட்டாரை எழுப்ப ஒரு தட்டுத் தட்ட வேண்டும், இதை எழுப்ப வேண்டியதே இல்லை, விழித்துக்கொண்டே இருக்கிறது. அடிக்கம்பியின் முழக்கம் மற்ற கம்பிகளை மூடுவதில்லை. ஒரு கார்டில் நாலு சுரம் இருந்தால் நாலும் தனித்தனியாகக் கேட்கிறது. இதை வாசிக்க ஆரம்பித்த முதல் வாரம் எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில் இல்லை. நாலு வருஷமாக என் மோதிர விரல் ஒரு கம்பியைப் பாதிதான் அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது. போர்க்கப்பல் தன் முழக்கத்தில் அதை மறைத்துக் காப்பாற்றியிருக்கிறது. இது காட்டிக்கொடுத்துவிட்டது.

குறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விற்கிறவள் மாதிரி ஆகிவிடும். நீ வந்து உன் பழக்கத்தில் கம்பியை மீட்டுகிற பிக் வில்லையை வைத்து நாலு அடி அடித்தால் ஏமாந்து போவாய். ஓர் அளவுக்கு மேல் சத்தம் வளராது, நசுங்கும். நாலைந்து பேர் கூடிப் பாடும்போது இது காணாமல் போய்விடுகிறது, அதற்கு உன்னுடையதுதான் சரி. மேல் ஃப்ரெட்டுகளுக்கு விரல் எட்டவும் எட்டாது.

வாங்கிய புதிதில் நான் நடந்துகொண்டதை நினைத்தால் எனக்கே வெட்கம். மூன்று மாதம் அது பெட்டியிலேயே கிடந்தது. ஈரப்பதம் காட்டும் கருவி ஒன்றை உள்ளே வைத்து, காலையிலும் ராத்திரியிலும் திறந்து, முள் 45க்கும் 55க்கும் நடுவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடுவேன். அந்த அக்கறை வேண்டியதுதான். காற்று வறண்டால் மரம் சுருங்கி ஃப்ரெட் முனைகள் கையைக் கீறும், மேல்பலகை வெடிக்கவும் செய்யும். ஈரம் ஏறினால் பலகை உப்பி, கம்பி விரலுக்கு எட்டாத உயரத்துக்குப் போகும். ஆனால் நான் பார்த்தது முள்ளை மட்டும்தான். வாசித்தது என்னவோ உன் பழைய கிட்டாரைத்தான், தோளில் தைலம் தடவிக்கொண்டு.

அப்புறம் ஒருநாள் மனசு துணிந்து எடுத்தேன். பத்தே நிமிஷம். கம்பிகளை அழுத்திப் பிடிக்கிற கேப்போ கவ்வியை மாட்டப் போனபோது கை நழுவி அது மேல்பலகையில் விழுந்தது. துளைக்குக் கீழே நகத்தால் அழுத்தினது போல ஒரு பள்ளம். அப்பா பூதக்கண்ணாடியோடு வந்து பார்த்து, "ஒன்றுமே தெரியவில்லையே" என்றார். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு சொன்னால் யார் நம்புவார்கள்? அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் எழுந்ததும் எடுத்து வாசித்தேன். அதற்கப்புறம் அது பெட்டிக்குப் போவது ராத்திரி மட்டும்தான்.

போனில் நீ இன்னொன்றும் சொன்னாய். "பரவாயில்லை, நல்ல பொருள்தான், பிற்காலத்தில் நான் வைத்துக்கொள்கிறேன்" என்று. நான் அதற்கும் பதில் சொல்லவில்லை. அம்மா எது வாங்கினாலும் கடைசியில் பிள்ளைக்குத்தான் என்று உனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் போட்டுக்கொடுத்ததும் நான்தான். ஆனால் இதை உனக்காகச் சேர்த்து வைக்கவில்லை கண்ணா. என் கைக்கு, என் தோளுக்கு, காலையில் எனக்குக் கிடைக்கிற முக்கால் மணி நேரத்துக்கு என்று அளந்து வாங்கியது. கட்டைவிரல் படுகிற இடத்தில் மெருகு மங்க ஆரம்பித்திருக்கிறது. இன்னும் இருபது வருஷம் வாசித்தால் ஃப்ரெட்டுகள் தேய்ந்திருக்கும், நெக்கைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டியிருக்கும். அந்த நிலைமையில் உனக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொள்.

அடுத்த மாதம் வரும்போது வாசித்துப் பார், தாராளமாக. ஆனால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கையைக் கழுவிவிட்டு, பிக் இல்லாமல். அப்படியே எனக்கு ஒரு செட் கம்பி வாங்கி வா. பாஸ்பர் பிரான்ஸ், லைட், 12-53 என்று அட்டையில் போட்டிருக்கும். மீடியம் வாங்கிவிடாதே, அது உன் கப்பலுக்கு. அதற்கும் ஒரு செட் வாங்கு, பாவம், நான் தொட்டு ரொம்ப நாளாகிறது.

அன்புடன்,
அம்மா