விறகுக்கும் ஒரு கூரை வேண்டும் மகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. தம்பியின் ஃபோனுக்கு நீ அனுப்பிய வீட்டுப் பிளானை நானும் அம்மாவும் பார்த்தோம். 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு, இரண்டு அறை, ஹோல், உள்ளேயே பாத்ரூம். தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒற்றைக் காம்பராவிலேயே வயதாகிப்போன எங்களுக்கு அது பெரிய வீடுதான். உன் உழைப்பு அது. ஆனால் குசினியில் கேஸ் குக்கர் மட்டும்தான் காட்டியிருக்கிறது. விறகடுப்பு இல்லை, புகைபோக்கி இல்லை, விறகு அடுக்க இடமும் இல்லை. அத்திவாரம் வெட்டுவதற்குள் இதை உன்னிடம் சொல்லியாக வேண்டும்.

ஏன் அப்படிப் போட்டாய் என்று எனக்குத் தெரியும். அம்மாவின் இருமல்தான். கிளினிக்கில் டொக்டரும் அடுப்புப் புகையைத்தான் சொன்னார். அந்தப் புகை புது வீட்டுக்குள் நுழையவே கூடாது என்று நீ நினைப்பது சரி. நானும் அதையேதான் நினைக்கிறேன். ஆனால் மகள், அவளை வாட்டியது ஈர விறகும், புகை வெளியே போக வழியில்லாத கூரையும். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை அடுப்பில் செருகினால் வெட்டுவாயில் நுரை தள்ளும், உஸ்ஸென்று சத்தம் வரும், பழுப்பாகத் தண்ணீர் கசியும். நெருப்பின் சூடெல்லாம் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். மிச்சச் சூட்டில் மரம் பற்றாது, புகைந்துகொண்டே கிடக்கும். கொழுந்து எடுத்து நனைந்து வந்த பிறகு உன் அம்மா குனிந்து குனிந்து ஊதியது அந்தத் தண்ணீரோடு போராடத்தான்.

கேஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. விடியற்காலையில் தேத்தண்ணி வைக்க அதைவிட வசதி இல்லை. ஆனால் 2022ஐ நீயும் மறந்திருக்க மாட்டாய். 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய்க்குப் போனது. அப்போது தோட்டத்தில் நாள் சம்பளம் 1,000 ரூபாய். காசு வைத்திருந்தவர்களும் வெறும் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டிவிட்டு ரோட்டில் வரிசையில் நின்றார்கள். அதோடு, கேஸ் குக்கர் வீட்டைச் சூடாக்காது. ஜனவரி, பெப்ரவரி விடியலில் நுவரெலியாப் பக்கம் பனி உறைந்து தேயிலையே கருகிப்போகிறது. ஜூன், ஜூலையில் நாள்கணக்காக மழை விடாமல் பெய்யும்போது போர்த்துகிற கம்பளிகூட ஈரமாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் அம்மாவுக்கு உட்காரச் சூடான ஒரு மூலை வேண்டும்.

விறகைப் பற்றிக் கவலைப்படாதே. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியே கை காய்த்தவன் நான், எந்த மரம் எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். கவ்வாத்து மலையில் வெட்டிப்போட்ட தேயிலைக் கிளை, அந்த மிலாறு, சீக்கிரம் காயும், நன்றாகச் சூடு தரும், சமையலுக்கு அதுதான் நல்லது. ஆனால் சீக்கிரம் தீர்ந்தும் போகும். அதோடு ஒரு மலையைக் கவ்வாத்து வெட்டினால் அடுத்த முறைக்கு நாலைந்து வருடமாகும். தேயிலைக்கு நிழல் மரமாக நிற்கும் சவுக்கு, அதுதான் சில்வர் ஓக், கோடரி போட்டவுடன் நேராகப் பிளக்கும், சுத்தமாக எரியும். இரவு முழுக்கத் தணல் நிற்க வேண்டுமானால் டர்பன்டைன் என்கிற யூகலிப்டஸ் மரம்தான். அதைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும், காயவிட்டால் கோடரி உள்ளே இறங்காது. அல்பீசியா பஞ்சு மாதிரி, வந்த வேகத்தில் சாம்பலாகிவிடும். பைன் பற்றவைக்க மட்டும். அதன் பிசின் புகைபோக்கியில் கரியாகப் படியும்.

தோட்டத்து மரத்தில் நாங்கள் கேட்காமல் கை வைப்பதில்லை. ஒஃபிசில் அனுமதித் துண்டு வாங்கித்தான் எடுப்போம். லயத்துக்கு மேலே சரிவில் நிற்கிற மரத்தைத் துண்டு கொடுத்தாலும் நான் வெட்டமாட்டேன். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மண் மூடியதற்குப் பிறகு, மழை பெய்தாலே எனக்குக் கண் அந்தச் சரிவுக்குத்தான் போகும். வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.

எங்கள் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் வெயிலை நம்பலாம். அதனால் ஜனவரியிலேயே வெட்டி, துண்டு போட்டு, பிளந்து, மலையிலேயே கொஞ்ச நாள் காயவிடுகிறோம். உடனே சுமந்தால் பாதிப் பாரம் தண்ணீர், அதை ஏன் முதுகில் ஏற்ற வேண்டும்? தம்பிதான் இப்போது சுமக்கிறான். கட்டு நீளமாக இருந்தால் தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் திரும்ப முடியாது என்று கை நீளத்துக்கு வெட்டப் பழகிவிட்டான். நல்ல பிள்ளை, முனகாமல் செய்கிறான்.

இதையெல்லாம் செய்தும், அடுக்க இடமில்லாவிட்டால் வீண். லயத்து முன் திண்ணையில், இஸ்தோப்பில், சுவரோடு ஒட்டி அடுக்கினோமே, பின்வரிசையெல்லாம் பூஞ்சணம் பிடித்தது நினைவிருக்கிறதா? காற்று புகவில்லை. புது வீட்டில் குசினிக்குப் பின்னால் எட்டடிக்கு நாலடி இடம் விட்டால் போதும். கீழே கல் வைத்து இரண்டு கம்பு போட்டு, மண் ஈரம் படாமல் அடுக்குவேன். பிளந்த பக்கம் கீழே, பட்டை மேலே. தகரக் கூரை இருக்கட்டும், பக்கம் மூன்றும் திறந்திருக்கட்டும். படங்கு போட்டு முழுக்க மூடினால் உள்ளேயே வியர்த்து மறுபடி ஈரமாகும். காய்ந்ததா என்று பார்க்க, நுனியில் வெடிப்பு ஓடியிருக்கிறதா என்று பார்ப்பேன், இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுவேன். டங்கென்று கேட்டால் காய்ந்தது, சொத்தென்று கேட்டால் இன்னும் கிடக்கட்டும். மிலாறுக்கு ஒரு வெயில்காலம் போதும். தடித்த டர்பன்டைனை அடுத்த வருடத்துக்கு என்று ஒதுக்கிவைக்க வேண்டும்.

புகைபோக்கியை மேசன் பாஸிடம் நீயே சொல். நான் சொன்னால் செலவு என்று தட்டிக்கழிப்பார். வளைவில்லாமல் நேராக ஏற வேண்டும், கூரை முகட்டைவிடக் குறைந்தது இரண்டடி உயர வேண்டும். இல்லாவிட்டால் காற்று சுழன்று புகையை உள்ளேயே தள்ளிவிடும். வருடத்தில் ஒரு முறையாவது கரி தட்ட, அடியில் ஒரு சின்ன வாசல் வைக்கச் சொல். ஈர விறகு எரித்தால் அந்தக் கரி தார் போல ஒட்டி, ஒரு நாள் அதுவே தீப்பிடிக்கும்.

இன்னொன்று. தம்பி குளிருக்குத் தணல் சட்டியை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்துகிறான். நான் சொன்னால் கேட்பதில்லை. நீ அக்கா, நீ சொன்னால் கேட்பான். கரித்தணலிலிருந்து வரும் காபன் மொனொக்சைட் என்கிற நச்சு வாயுவுக்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். சட்டி குசினியைத் தாண்டக் கூடாது என்று இன்றைக்கே ஃபோன் எடுத்துச் சொல்லிவிடு.

பிளானில் மாற்ற வேண்டியது இவ்வளவுதான்: புகைபோக்கியோடு ஓர் அடுப்பு, பின்னால் அந்த எட்டடி. ஓர் அறையைச் சின்னதாக்க வேண்டி வந்தால் எங்கள் அறையைக் குறைத்துக்கொள். அம்மாவிடமும் கேட்டுவிட்டேன், சரி என்கிறாள்.

அடுத்த முறை வரும்போது கொழும்பு புறக்கோட்டையில் நல்ல தட்டை அரம் ஒன்று வாங்கி வா. கோடரி மழுங்கிக் கிடக்கிறது. பிடியில்லாததே போதும், மரப்பிடி நான் போட்டுக்கொள்வேன்.

அன்புடன்,
அப்பா