பழியைப் பூட்ஸ் தலையில் கட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இந்தியக் கால்பந்து பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். "பூட்ஸ் இல்லாமல் ஆடக்கூடாது என்றதால் 1950 உலகக்கோப்பைக்கு நாம் போகவில்லை" என்ற வரியைப் பார்த்ததும் மனசு விட்டுப்போனது. முப்பது வருடம் பி.டி. வாத்தியாராக இருந்தவன் நான். பிள்ளைகளும் இதையேதான் சொல்வார்கள்.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் பிரான்சை எதிர்த்து ஆடினார்கள். இரண்டு பெனால்டிகளைக் கோட்டைவிட்டு 2-1 என்று தோற்றார்கள். நமக்குக் கிடைத்த அந்த ஒரு கோல் சாரங்கபாணி ராமன் அடித்தது. 1952 ஹெல்சின்கியிலும் பலர் வெறுங்கால்தான். அங்கே யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று அடிவாங்கிய பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது. அப்படியிருக்க, 1950-ஐ மட்டும் பூட்ஸ் தலையில் கட்டுவது என்ன நியாயம்? பயணச் செலவில் பெரும்பகுதியை ஏற்க பிரேசில் முன்வந்தும் அணியை அனுப்பாதது நம் கால்பந்துச் சம்மேளனம். அன்றைக்கு அவர்களுக்கு ஒலிம்பிக்தான் பெரிது.

அப்புறம் நடந்ததை யார் சொல்கிறார்கள்? 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் தோல்வி. போட்டியை நடத்திய இந்தோனேசியா இஸ்ரேலையும் தைவானையும் சேர்க்காததை நம் அதிகாரி ஒருவர் கண்டித்ததால், உள்ளூர்க் கூட்டம் நம்மைக் கண்டாலே கூச்சல் போட்டது. இறுதியில் மறுபடியும் அதே கொரியா. தலையில் தையல் போட்டிருந்த ஜர்னைல் சிங், பின்களத்தில் ஆடுகிறவர், அவரைப் பயிற்சியாளர் ரஹீம் முன்களத்துக்கு அனுப்பினார். தலையால் முட்டி ஒரு கோல் அடித்தார் அந்த மனுஷன்! 2-1, தங்கம். புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த ரஹீம் அடுத்த ஆண்டே போய்விட்டார்.

இதெல்லாம் மறந்துபோனதற்குக் கிரிக்கெட்டை நான் குறை சொல்லவில்லை. அந்த 1962 அணியின் கேப்டன் சூனி கோஸ்வாமியே ரஞ்சி கிரிக்கெட் ஆடியவர்தான்.

எங்கள் தஞ்சாவூர் மைதானத்தில் இன்றும் சாயங்காலம் நான்கைந்து கிரிக்கெட் ஆட்டங்களுக்கு நடுவே, சுவரோரமாகப் பத்துப் பையன்கள் செருப்பைக் கோல் கம்பமாக வைத்துப் பந்து உதைக்கிறார்கள். போன வாரம் அவர்களிடம் சைமன் சுந்தர்ராஜ் யாரென்று கேட்டேன். ஒருவனுக்கும் தெரியவில்லை. 1960 ரோமில் பெருவுக்கு எதிராக அவர் அடித்ததுதான் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசி கோல். இதே ஊர்க்காரர். அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். அந்தப் பையன்களுக்கு நானே வாங்கிக்கொண்டுபோய்ப் படித்துக் காட்டுகிறேன்.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
தஞ்சாவூர்